சுமப்பவற்றிற்கும் ஓய்வு

கொடைக்கானலை அடுத்த வெள்ளகவி மலைச்சிற்றூருக்கு நெடுங்காலம் சாலை இல்லை. அரிசியும் உப்பும் குதிரை முதுகிலேயே சென்றன. அங்கே குதிரை, வாழ்வின் தேவை. மீன்சுருட்டியின் சமவெளியிலிருந்து மலையேறிக் கூடாரமடித்துத் தங்க விழையும் நாமோ, நம் இன்பத்திற்காக அதன்மேல் சுமை ஏற்றுகிறோம். இது தகுமா?

தகாதென்று எளிதில் தீர்ப்பிட இயலாது. குதிரைக்காரர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டுமன்றோ! எனினும் 2022-இல் கேதார்நாத் மலைவழியில் ஓய்வின்றிச் சுமந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பல மாண்டதை மறக்கலாமா? விடுதலைப் பயண நூலின் ஓய்வுநாள் கட்டளை (23:12) மாட்டையும் கழுதையையும் சேர்த்தே பேசுகிறது.

ஆகவே, கூடாரம் அடிக்குமுன் சேணத்தைக் கழற்றுவோம், முதுகில் புண் உண்டா என்று பார்ப்போம், நீர் காட்டுவோம். நம்மைச் சுமந்தது இளைப்பாறாதவரை, நாம் பெறுவது ஓய்வன்று, பறித்துக்கொண்டதே.