முனிர்காவும் காரணம் பற்றிய வாதமும்

பெண்ணுக்கு எதிரான குற்றம் ஒன்று செய்தியானதும் முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் தவறாமல் எழும் கேள்வி: அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை? கேட்பவர் குற்றத்தின் காரணத்தைச் சுட்டிவிட்டதாக நினைக்கிறார். காரணம் என்றால் என்ன என்பதை இந்தியத் தருக்க மரபு ஆழமாக ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்கு முன்னால் இக்கேள்வி நிற்காது.

2012 டிசம்பர் 16 இரவு, சினிமா பார்த்துவிட்டு வந்த 23 வயது பிசியோதெரபி மாணவி, தென்தில்லி முனிர்கா நிறுத்தத்தில் நண்பருடன் பேருந்து ஏறினார். பேருந்தில் இருந்த ஆறு பேர் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்து, இருவரையும் சாலையோரம் வீசினர். டிசம்பர் 29 அன்று சிங்கப்பூரில் அவர் இறந்தார். நாடே கொதித்தபோது சாமியார் ஆசாராம், அந்தப் பெண் அவர்களை அண்ணா என்றழைத்துக் கெஞ்சியிருக்கலாம், ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்ற பொருளில் பேசினார். (2018இல் சிறுமியை வன்புணர்ந்த வழக்கில் அவரே ஆயுள் தண்டனை பெற்றார். பேசியவர் உத்தமராக இருந்திருந்தாலும் வாதம் பிழைதான்.)

இந்தியத் தருக்க மரபான நியாயத்தின் எடுத்துக்காட்டு ஒன்று: குடத்துக்குக் குயவரும் மண்ணும் சக்கரமும் காரணங்கள். மண் சுமந்த கழுதை? குடத்துக்கு முன்னால் அதுவும் இருந்தது. ஆனால் மண்ணைக் கூடையில் கொண்டுவந்தாலும் குடம் ஆகும். முன்னால் இருந்தும் காரணமாகாத இத்தகையதை நியாய நூலார் ‘அன்யதாசித்தம்’ என்று ஒதுக்கினர். 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதரின் ‘பாஷாபரிச்சேதம்’ அதில் ஐந்து வகை சொல்கிறது. இரவு நேரமும் சினிமாவும் உடன்வந்த நண்பரும் இந்த வரிசையில்தான் சேரும். அவை இருந்தும் எத்தனையோ பெண்கள் பத்திரமாக வீடு சேர்கிறார்கள். அவை இல்லாமல், பட்டப்பகலில், வீட்டுக்குள்ளேயே இதே குற்றம் நடக்கிறது. செய்தவரின் முடிவு இல்லாமல் மட்டும் ஒருபோதும் நடப்பதில்லை. ‘ஆண்களே இப்படித்தான்’ என்ற எதிர்வாதமும் இதே சோதனையில் விழும்.

‘அவள் விதி’ என்பவர்கள் சமயத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். சைவ சித்தாந்தம் நுகரும் வினையைப் பிராரத்தம் என்றும், புதிதாக ஈட்டும் வினையை ஆகாமியம் என்றும் பிரிக்கிறது. பட்டவரின் பிராரத்தம் செய்தவரின் ஆகாமியத்தைக் குறைக்காது. விதியைச் சொல்லிக் குற்றவாளியின் பழியைத் தணிப்பவர் சாத்திரத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார். ‘எச்சரிக்கத்தான் கேட்கிறோம்’ என்பாரும் உண்டு. எச்சரிக்கை சொல்வதில் தவறில்லை. ஆனால் நடந்து முடிந்தபின் சொல்லப்படும் எச்சரிக்கை தீர்ப்பாகிவிடுகிறது.

முனிர்கா குற்றத்தையடுத்து, சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. அவ்வாண்டு, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தில் 53ஏ பிரிவு சேர்க்கப்பட்டது: சம்மதம் இருந்ததா என்ற கேள்விக்குப் பெண்ணின் நடத்தையோ பழைய பாலுறவு அனுபவமோ பொருந்தாது என்றது அப்பிரிவு.