இரண்டு பூமிகள்

ஒரு கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்றே நாம் பழகியிருக்கிறோம். எதைக் கழற்றினால் கோளாறு நிற்கிறதோ, அதன்மேல்தான் பழி. மென்பொருள்காரர்களின் பிழைப்பே இதுதான்: கடைசியாகச் சேர்த்த வரிகளை நீக்கிப் பார், ஓடுதா, அப்ப எழுதினவனைக் கூப்பிடு. பெரும்பாலும் பலித்துவிடுகிறது என்பதால் இந்த வழக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

செஞ்சியில் என் மச்சான் வீட்டிலேயே ஒரு வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையர் கட்டினார். சில்லறைச் சாமான்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. மின்சார டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் மோட்டார் காயில் கட்டும் உள்ளூர்க் கடையில் சுற்றியது. கிட்டாரைத் தனியாகச் செருகினால் பெட்டி அமைதியாக இருந்தது. பின்னணித் தாளத்துக்காக லேப்டாப்பையும் இணைத்தால் அடித்தொண்டையில் ஒரு முனகல். 50 ஹெர்ட்ஸ், சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தின் அதே சுருதி. மச்சான் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். "லேப்டாப்பு கம்பெனியில செஞ்சது, டிரான்ஸ்ஃபார்மர் இங்க சுத்துனது. எதுல கோளாறு இருக்கும், நீயே சொல்லு மாப்ள." கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கியையும் நிறுத்தி வைத்தார்.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். இணைப்புக் கேபிளை உருவினால் முனகல் நின்றது. கேபிளைச் செருகி, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினாலும் நின்றது. மூன்றாவது சோதனையை மச்சான் நான் வருவதற்கு முன்பே செய்திருந்தார்: ஆம்ப்பை எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் மாட்டியபோதும் நின்றதாம். ஆக, ஒரே குற்றத்துக்கு மூன்று குற்றவாளிகள். எல்லாரும் சந்தேகப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கழற்றிச் சோதிக்க வழியில்லை, அது இல்லாமல் பெட்டியே ஓடாது.

எர்த்தை எடுத்துவிடுவது இதில் மிக மலிவான தீர்வு, மிக மோசமானதும்கூட. உள்ளே ஒரு மின்கம்பி நழுவி இரும்புப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டும் கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவரின் விரலில் காத்திருக்கும். 1972இல் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். முனகலை நிறுத்தியதை வைத்து எர்த்தைக் குற்றவாளி என்று சொன்னால், காவல்காரனைத் துரத்திவிட்டு வீடு அமைதியாகிவிட்டது என்று மகிழ்வதுபோல்தான்.

நடந்தது இதுதான். வீட்டின் முன்கட்டு பழையது, பின்கட்டு பிறகு எழுந்தது. இரண்டுக்கும் தனித்தனி எர்த் குழி. செஞ்சி கருங்கல் பூமி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றுமே பாறைமேல் பாறை. பாறை மின்சாரத்தைச் சுலபமாக வாங்கிக்கொள்ளாது. அதனால்தான் குழியில் கரியும் உப்பும் கொட்டுகிறோம், கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோம். இரண்டு குழிகளும் ஒரே அளவில் ஈரமாக இருக்கும் என்று யார் சொன்னது? புத்தகத்தில் பூமி என்பது பூஜ்ஜியம் வோல்ட். அந்த வீட்டில் இரண்டு பூமிகள் இருந்தன, இரண்டு பூஜ்ஜியங்களும் ஒன்றல்ல. முன்கட்டில் லேப்டாப், பின்கட்டில் ஆம்ப். நடுவே ஓடிய கேபிளின் உறை இரண்டு பூமிகளையும் இணைக்க, வித்தியாசம் அதன் வழியே பாய்ந்தது. உறையின் தடை 0.1 ஓம், ஓடுவது 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 5 மில்லிவோல்ட். முதல் வால்வு அதை ஐம்பது மடங்காவது பெருக்கும்.

"அப்ப யாரு தப்புங்கற?"

இரண்டு குழிகளையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்திருக்க வேண்டும். முதல் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தபோது இரண்டாவது குழியே இல்லை. இரண்டாமவரைக் கூப்பிட்டது பின்கட்டுக்கு மட்டும். ஜே. எல். மேக்கி என்ற தத்துவவாதி 1965இல் எழுதிய கட்டுரையில் ஷார்ட் சர்க்யூட்டால் எரிந்த ஒரு வீட்டை உதாரணம் காட்டுகிறார். ஷார்ட் சர்க்யூட் மட்டும் தீயை உண்டாக்காது, பக்கத்தில் எரியக்கூடிய பொருளும் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவரைச் சுட்டி 'இதுதான் காரணம்' என்பது நாம் செய்யும் தேர்வு. அந்தத் தேர்வு ஏன் எப்போதும் கைக்கு எட்டும் எளியவர்மேல், காயில் சுற்றும் கடைக்காரர்மேல் விழுகிறது என்பது மேக்கியிடம் கேட்கவேண்டிய கேள்வி இல்லை.

எங்கள் துறையில் இதற்கு மாற்று என்று 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' வைத்திருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லாத விசாரணை. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் உட்கார்ந்த கூட்டங்கள் சிலவற்றில் குற்றம் ஆவியானதோடு பொறுப்பும் ஆவியாகிவிட்டது. எல்லாரும் நல்லவர்கள், முனகல் அப்படியே. பொறுப்பு என்ற சொல்லுக்குள் 'பொறு' இருக்கிறது, சுமத்தல். குற்றம் செய்தவர்தான் சுமக்க வேண்டும் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. மச்சானும் குற்றம் ஏதும் செய்யவில்லை, கோர்த்தவர் அவர், அவ்வளவுதான். ஆனாலும் செம்புக் கம்பி வாங்கும் செலவு அவருடையது.

எலக்ட்ரீஷியன் வந்து குழிகளை இணைத்தார். லேப்டாப்பையும் ஆம்ப்பையும் ஒரே பிளக் பலகைக்கு மாற்றினோம். வால்வின் மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது, அதற்கு மருந்து கிடையாது.

காயில் கடைக்காரருக்குப் பாக்கி போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. மச்சானும் சொல்லவில்லை.