யோபுவின் முதற் பத்துப் பிள்ளைகள்

புலம்பெயர்ந்த தமிழர் கூடிச் செபிக்கிற இடங்களில் ‘சாட்சி சொல்லுதல்’ என்றொரு வழக்கம் உண்டு. கத்தோலிக்கர் மத்தியில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் விசயம் ஒன்றுதான். ஒருவர் எழும்பி, ஆண்டவர் தன்னைக் காப்பாற்றிய விதத்தைச் சொல்வார். செல் விழுந்த இடத்திலிருந்து பத்து யார் தள்ளி நின்றாராம். வந்த படகு கவிழவில்லையாம். இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட அகதி வழக்கு மூன்றாம் முறை ஏற்கப்பட்டதாம். சபை ‘ஸ்தோத்திரம்’ என்கிறது. எங்கள் ஆட்களென்றால் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார்கள்.

இவர்களை ஏளனம் செய்ய நான் இதை எழுதவில்லை. தப்பியவனுக்கு நன்றி சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த நன்றிக்குள் ஒரு தர்க்கம் ஒளிந்திருக்கிறது. பத்து யார் தள்ளி நின்றவனை ஆண்டவர் காப்பாற்றினார் என்றால், செல் விழுந்த இடத்தில் நின்றவனை என்ன செய்தார்? மறந்துவிட்டாரா? சாட்சி சொல்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. செத்தவனின் தாய் அந்த மண்டபத்தில் பின்வாங்கிலில் இருக்கக்கூடும் என்பதும் அவருக்கு நினைவு வருவதில்லை.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிப் பேராலயத்தினுள் கடல் புகவில்லை. அதை அற்புதம் என்று இன்றும் சொல்கிறார்கள். கோவிலுக்கு வெளியே, கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள் செத்துப்போனார்கள். அவர்களும் அதே மாதாவிடம் வந்தவர்கள்தான். எங்கள் நாட்டில் அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1995 ஜூலை 9இல், இது மறுவளமாக நடந்தது. வணக்கத் தலங்களில் தஞ்சமடையும்படி சனத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. நவாலித் தேவாலயத்தில் போய் ஒதுங்கியவர்கள் மீது விமானக் குண்டு விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் உள்ளே நின்றவன் தப்பினான், நவாலியில் உள்ளே நின்றவன் செத்தான். இதிலிருந்து கடவுளின் சித்தத்தைப் பிரித்தெடுக்க வல்லவர் யாராவது இருந்தால் அவரிடம் நான் பாடம் கேட்கத் தயார்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட முடியவில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்திருந்தவன், வன்னியிலேயே அகப்பட்டுக்கொண்டேன். 2009 மே வரை நடந்ததை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் பங்கருக்குப் பக்கத்துப் பங்கரில் இருந்த குடும்பமும் இரவில் செபமாலை சொன்னது. செல்லடி ஓய்ந்த சில இரவுகளில் அவர்கள் முதற்பாதியைச் சொல்ல, நாங்கள் மறுபாதியைச் சொன்னோம். ஏப்ரலில் ஒரு விடியற்காலை அந்தப் பங்கர் மூடிப்போயிற்று. ஐந்து பேர். ஒரே செபத்தின் ஒரு பாதி கேட்கப்பட்டது, மற்றப் பாதி கேட்கப்படவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நான் எங்கும் சாட்சி சொன்னதில்லை. ஆனால் ஞாயிறு பூசைக்குப் போகிறேன். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

யோபுவைப் பொறுமைக்கு உதாரணமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மறையுரை செய்பவர்கள் அந்த நூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் மட்டும் வாசித்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நடுவில் வருகிற யோபுவிடம் பொறுமை கிடையாது. அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்கு அழைக்கிறான். ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்கிறார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், கடவுள் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்கிறார்கள். முடிவில் கடவுள் கோபிப்பது இந்த நண்பர்களை. தன்னைப்பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் குற்றவாளிகளாகிறார்கள், கடவுளோடு வாதாடியவன் நீதிமானாகிறான். ஜெர்மன் மெய்யியலாளர் கான்ற் 1791இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார். துன்பத்துக்கு நியாயம் கற்பித்துக் கடவுளைக் காப்பாற்ற முனைந்த மெய்யியல் முயற்சிகள் யாவும் தோற்றுவிட்டன, யோபுவின் பெறுமதி அவனது நேர்மையில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

யுத்தம் முடிந்தபின் யோபுவின் நண்பர்கள் எங்களிடமும் வந்தார்கள். எங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார் ஒரு போதகர். பழவினை என்றார் இன்னொருவர். கடவுளை நம்பாதவர்களிடமும் விளக்கத்துக்குக் குறைவில்லை. ஒருவருக்கு அது வரலாற்றின் தவிர்க்கமுடியாமை, இன்னொருவருக்கு செத்த சனமெல்லாம் விதை. பக்கத்துப் பங்கரில் கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது.

குசினியில் என்னோடு வேலை செய்கிற அண்ணை ஒருவர் ஒரு காலத்தில் இடதுசாரி இயக்கமொன்றில் இருந்தவர். நான் பூசைக்குப் போவது அவருக்குப் புரியாத புதிர். கோப்பை கழுவிக்கொண்டே கேட்டார்: “தம்பி, ஆளில்லாத கந்தோருக்கு ஏன் மனுப் போடுறாய்?”

நல்ல கேள்வி. கேட்பதற்கு ஒருவரும் இல்லையென்றால் நடந்தது அநியாயமாகக்கூட இராது, வெறும் நிகழ்ச்சியாகிவிடும், மழை பெய்ததுபோல என்று சொன்னேன். அவர் விடவில்லை. “அநியாயம் செய்தவனுக்குப் பேர் இருக்கு, பதவி இருக்கு. நீ கடவுளை இழுத்தால் அவன் தப்பிப்போடுவான்.”

இதைவிடப் பலமான எதிர்வாதத்தை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. மதம் பெரும்பாலும் இதைத்தான் செய்து வந்திருக்கிறது. ஆனால் எப்போதும் அல்ல. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய் மறையுரை செய்யவில்லை, கணக்குக் கேட்டார். அரச நிர்வாகத்தின் பதிவுகளின்படி 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். வெளியே வந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று அவர் காலமானார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களோடு வீதியில் குந்திய தாய்மாரும் பதில் வருமென்ற உறுதியில் குந்தவில்லை. அவர்களில் பலர் பதில் இல்லாமலே இறந்துவிட்டார்கள். அந்தக் கந்தோரிலும் ஆள் இல்லை என்று அண்ணையால் சொல்ல முடியும். ஆனால் மனுப் போடுவது வீண் என்று அவர் அந்தத் தாய்மாருக்குச் சொல்லமாட்டார். நான் கேட்டபோது பேசாமல் இருந்தார்.

என் விசுவாசத்தில் மிச்சமிருப்பது இந்த மனு மட்டும்தான் என்று நினைக்கிறேன். நன்றியைவிட முறைப்பாடு எனக்கு நேர்மையாகப் படுகிறது. எங்கள் சனத்துக்கு இது புதிதுமல்ல. தவக்காலத்தில் எங்கள் கோவில்களில் வியாகுலப் பிரசங்கம் பாடுவார்கள். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து 1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி எழுதியது. ஒப்பாரிக்குக் கிட்டிய இராகத்தில், நிலத்தில் இருந்து கேட்கிற கிழவிகளெல்லாம் கண்ணைத் துடைப்பார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் அழுகிறாள், சனமும் சேர்ந்து அழுகிறது. இங்கே பாரிஸில் கீபோர்ட்டும் கைதட்டலுமாக நடக்கிற செபக்கூட்டங்களில் அழுவதற்கு இடமில்லாமல் போனது பெரிய இழப்பு. அழுதால் உடனே யாராவது தலையில் கைவைத்துச் செபிக்க வந்துவிடுகிறார்கள்.

இனி யோபுவின் கடைசி அதிகாரம். இழந்ததெல்லாம் அவனுக்கு இரண்டு மடங்காகக் கிடைக்கிறது. 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முன்பு ஏழு ஆணும் மூன்று பெண்ணும், பின்பும் ஏழு ஆணும் மூன்று பெண்ணும். ஆட்டுக்கு ஆடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை எப்படி ஈடாகும்? இதை எழுதியவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பழைய உரைகாரர் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். செத்த ஆடு செத்ததுதான், ஆனால் செத்த பிள்ளைகள் கடவுளிடம் உயிரோடு இருக்கிறார்கள், முதற் பத்தோடு பிந்திய பத்தையும் சேர்த்தால் இருபது, ஆக இரண்டு மடங்கு சரி என்கிறார்கள். செட்டிகுளம் முகாமில் ஒரு வயோதிபச் சுவாமியார் இதை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டா, இன்றைக்கும் விடவில்லை. எனக்கோ இது விளக்கம்போலவும் இருக்கிறது, நம்பிக்கைபோலவும் இருக்கிறது. விளக்கமென்றால் வேண்டாம். நம்பிக்கையென்றால் தூக்கியெறிய மனம் வரவில்லை.

ஒருநாள் இந்தக் கணக்கை அண்ணைக்குச் சொன்னேன். தாச்சியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த முதற் பத்துப் பேரின்ர பேரென்ன?” என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். பின்னால் பிறந்த மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கிறது. செத்த பத்துப் பேரில் ஒருவருக்கும் பெயர் எழுதப்படவில்லை.

பூசையில் மரித்தவர்களை நினைக்கும் இடம் ஒன்று வரும். குருவானவர் அதில் ஒரு கணந்தான் நிற்பார். அதற்குள் பக்கத்துப் பங்கர் ஐந்து பேரின் பெயரையும் சொல்லி முடிக்க வேண்டும். கடைசிப் பிள்ளையின் வீட்டுப்பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.