சாரி என்றால் என்ன?

நண்பனின் அப்பா இறந்த நான்காம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாடகை நாற்காலிகள் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் வாசலில் அடுக்கியிருந்தன. அவன் கையைப் பிடித்துக்கொண்டு “சாரிடா” என்றேன். “விடுடா, எழுபத்தெட்டு வயசு. நீ என்ன பண்ணுவ?” என்றான்.

நான் சொன்ன சாரி அது இல்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த இரவு அவன் எனக்கு மூன்று முறை போன் செய்திருந்தான். நான் தூங்கியிருக்கவில்லை. திரையில் அவன் பெயரைப் பார்த்தேன். பணம் கேட்பான் என்று தெரியும்; முன்பு கொடுத்ததே திரும்பி வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அம்மாவின் செயினை அடகு வைத்துப் பணம் கட்டினான் என்று பிறகு இன்னொருவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் போனை எடுத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்றெல்லாம் இல்லை. ஆனால் அந்த இரவில் அவன் தனியாக அல்லாடினான். அதற்கு நானும் ஒரு காரணம்.

நான் கேட்டது மன்னிப்பு. அவன் காதில் விழுந்தது துக்க விசாரிப்பு. அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். துக்க வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக்கூடாது என்பார்கள். அந்த வழக்கமும் அன்று எனக்கு வசதியாகப் போயிற்று.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சாரி சொல்கிறோம்! பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் சாரி. எதிராளி பேசியது காதில் விழாவிட்டால் கேள்விக்குறியோடு ஒரு சாரி. கடன் கேட்டவரிடம் ‘சாரி பாஸ்’ என்றால் ‘முடியாது’ என்று பொருள். ஆங்கிலத்தில் இதையே அடைமொழியாக ஒரு பெயருக்கு முன்னால் போட்டால் பரிதாபமான, கேவலமான என்று ஆகிவிடும். சாவு வீட்டில் அது அனுதாபம். தப்பு செய்தவன் வாயில் மன்னிப்பு.

இந்தச் சொல், வலியையும் புண்ணையும் குறிக்கும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தொண்டை வலிக்கும்போது சொல்கிற ‘சோர்’ அதே குடும்பம்தான். துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ வேறு வேரிலிருந்து வந்து, ஓசை ஒற்றுமையால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆக, சாரி என்பதன் ஆதிப்பொருள் ‘எனக்கு வலிக்கிறது’ என்பதுதான். யாரால் வலி, யாருக்குப் பொறுப்பு என்ற தகவல் அதில் இல்லை.

தமிழில் ‘மன்னிச்சிடு’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த வினையைச் செய்யவேண்டியவர் எதிரில் இருப்பவர். மன்னிக்கலாம், மறுக்கலாம், பதில் சொல்லாமல் எழுந்து போகலாம். முடிவை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் காத்திருக்க வேண்டும். ‘நான் சாரியாக இருக்கிறேன்’ என்ற ஆங்கில வாக்கியமோ என் மனநிலை பற்றிய அறிக்கை. அதை யாரும் மறுக்க முடியாது. ‘ரமணா’ படத்தில் விஜயகாந்த் தனக்குப் பிடிக்காத தமிழ் வார்த்தை மன்னிப்பு என்று சொன்னதை வைத்து இத்தனை வருஷமாக மீம் போட்டுச் சிரிக்கிறோம். உண்மையில் நம்மில் பலருக்கும் அது பிடிக்காது. அதனால்தான் சாரி.

ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, சில வாக்கியங்கள் எதையும் விவரிப்பதில்லை, ஒரு செயலையே செய்துமுடிக்கின்றன என்றார். ‘வாக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்வதே வாக்குக் கொடுப்பதுதான். 1962இல், அவர் இறந்த பிறகு வெளிவந்த உரைத் தொகுப்பில், ‘மன்னிப்புக் கோருகிறேன்’ என்பதை அந்த வகையில் சேர்க்கிறார். சாரியை அப்படிச் சேர்ப்பதில்லை. அது பாதி விவரிப்பு, பாதி செயல் என்று நடுவில் வைக்கிறார். எனக்கு அந்த நடு இடம்தான் முக்கியமாகப் படுகிறது. அங்கே நின்றுகொண்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம்.

அரசுகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2001 ஏப்ரல் 1 அன்று சீனாவின் ஹைனான் தீவுக்கு அருகே ஓர் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்தார். ஹைனானில் இறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 பேரும் பிடித்து வைக்கப்பட்டார்கள். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது, அமெரிக்கா மறுத்தது. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. விமானியின் குடும்பத்துக்கு ஒரு ‘வெரி சாரி’, அனுமதி பெறாமல் தரையிறங்கியதற்கு இன்னொரு ‘வெரி சாரி’. சீன ஊடகங்கள் அமெரிக்கா மன்னிப்புக் கேட்டதாக எழுதின. அமெரிக்க அதிகாரிகள் இது மன்னிப்பே அல்ல என்றார்கள். 24 பேரும் வீடு திரும்பினார்கள். இரண்டு அர்த்தம் உள்ள ஒரு சொல் ஒரு பெரிய மோதலைத் தவிர்த்தது என்றால், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவைப் பார்க்கும்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளுக்கும் வெள்ளையர் வீடுகளுக்கும் அனுப்பியது அரசு. ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்று அவர்களைச் சொல்கிறார்கள். 1997இல் வெளியான விசாரணை அறிக்கை, நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. பிரதமர் ஜான் ஹோவார்ட் 1999இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் கொண்டுவந்தார், மன்னிப்பு என்று சொல்ல மறுத்தார். முந்தைய தலைமுறை செய்ததற்கு இந்தத் தலைமுறை எப்படிப் பொறுப்பாகும் என்பது அவர் வாதம். 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் லட்சக்கணக்கானோர் நடந்தபோது, வானத்தில் ஒரு விமானம் புகையால் ‘சாரி’ என்று எழுதியது. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அந்தச் சொல்லைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த முதியவர்கள் அழுதார்கள்.

ஹோவார்டின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நான் செய்யாததற்கு நான் வருந்தலாம், மன்னிப்புக் கேட்க முடியுமா? எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: குழந்தைகளைப் பிரித்தது தனிமனிதர்கள் மட்டும் அல்ல, அரசு. அந்த அரசு இன்றும் இருக்கிறது. முன்னோர் சேர்த்த சொத்தை வாங்கிக்கொள்ளும் வாரிசு, அவர்கள் வைத்த கடன் மட்டும் என்னுடையது இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு செய்தி என்னை உட்கார வைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பேசும் ஆங்கிலத்தில் ‘சாரி பிசினஸ்’ என்றால் சாவுச் சடங்கு, துக்கம் காத்தல். அவர்களைப் பொறுத்தவரை அது சும்மா உதட்டளவில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை கிடையாது. வேலையை விட்டுவிட்டு வருவது, கூட உட்காருவது, செய்யவேண்டியதைச் செய்வது. ரட் அரசு அன்றைக்கு இழப்பீடு கிடையாது என்றது. மத்திய அரசின் நேரடி ஆளுகையில் இருந்த பகுதிகளில் பிரிக்கப்பட்டவர்களுக்கு 75,000 டாலர் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது 2021இல். அதற்குள் எத்தனையோ பேர் இறந்துபோயிருந்தார்கள்.

சொல்லுக்குப் பல அர்த்தம் இருப்பது பிரச்சினை இல்லை. எந்த அர்த்தம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹைனானில் இரண்டு அரசுகளும் தெரிந்தே ஆளுக்கொரு அர்த்தத்தை எடுத்துக்கொண்டன. யாரும் ஏமாறவில்லை. நண்பன் வீட்டில் அப்படி இல்லை. அவனுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும், எனக்கு இரண்டும் தெரியும். அவன் நல்ல மனசோடு எடுத்துக்கொண்ட அர்த்தத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். உண்மையான மன்னிப்பு என்பது அந்த ஒளிவிடத்தை விட்டு வெளியே வருவதுதான். செய்ததை வேறு அர்த்தமே வராதபடி சொல்லிவிட்டு, அடுத்ததை அவரிடம் விட்டுவிடுவது.

இதற்கும் ஒரு எதிர்வாதம் உண்டு, அதை வைத்துத்தான் ஒரு வருஷத்தை ஓட்டினேன். இப்போது போய்ச் சொன்னால் அவன் துக்கத்தைக் கிளறி என் பாரத்தை இறக்கிக்கொள்வதாகாதா? ஆகலாம். ஆனால் இந்தக் கேள்வியை நான் கேட்ட ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் எனக்குச் சாதகமாகவே இருந்தது. அதனாலேயே அதன் மேல் சந்தேகம் வந்தது.

போன மாசம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். இந்தமுறை சாரியைத் தொடவில்லை. “அன்னிக்கு ராத்திரி நீ கூப்பிட்டப்ப முழிச்சுட்டுதான் இருந்தேன். மூணு தடவை அடிச்ச. பணம் கேப்பன்னு வேணும்னே எடுக்கல.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “நாலு தடவை” என்றான்.

அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான். மன்னித்தானா என்று தெரியாது. அதைக் கேட்டு அவசரப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை.