பழந்துப்பாக்கியும் அதிகரண வினையும்

கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவி, அது பிறந்த போரும் அதை ஏந்திய படையும் மறைந்த பின்னர், தனிமனிதர் ஒருவரின் இரும்புப் பெட்டிக்குள் பழம்பொருளாக வந்து சேரும்போது அதன் அறநிலை மாறிவிடுகிறதா என்பது, தோற்றத்தைக் காட்டிலும் கடினமான கேள்வி. படைத்துறைப் பழங்கருவிகளைத் திரட்டும் வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவில் இக்கேள்வி பெரும்பாலும், கருவி நன்மை தீமை அற்றது, ஏந்திய கையே பொறுப்பு என்ற விடையோடு முடித்து வைக்கப்படுகிறது. அந்த விடை கருவியைப் பயன்படுத்துவது பற்றியது. பழந்துப்பாக்கியை முதன்முதலாக வாங்கியவரோ அதைச் சுடுவதைவிடத் துடைப்பதிலும், எண்ணெயிடுவதிலும், பிரித்துப் பூட்டுவதிலுமே மிகுதியான நேரத்தைச் செலவிடுகிறார். ஆகவே ஆராய வேண்டியது பயன்பாட்டின் அறமன்று, பேணுதலின் அறம்.

எடுத்துக்காட்டாக, ஜெர்மன் தரைப்படை 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் பி08 கைத்துப்பாக்கியைக் கொள்ளலாம். ஹூகோ போர்ஷார்ட் 1893இல் உருவாக்கிய கனத்த துப்பாக்கியைக் கியோர்க் லூகர் செம்மைப்படுத்தியதால் விளைந்த இவ்வடிவத்தை 1900இல் சுவிட்சர்லாந்தும், 1904இல் ஜெர்மன் கடற்படையும் முன்னரே ஏற்றிருந்தன. எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் கூடு, 9 மி.மீ. தோட்டா, முழங்கால் மூட்டைப் போல மேல்நோக்கி மடிந்து நிமிரும் பூட்டு ஆகியவை இதன் அடையாளங்கள். உறுப்புகள் ஒவ்வொன்றும் கையால் அராவிப் பொருத்தப்பட்டமையால், ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குத் தவறிச் சென்றுவிடாதபடி உடலில் முழு வரிசை எண்ணும், சிற்றுறுப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டன. முதல் உலகப் போர்க்காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் பிடியின் முன்பட்டையில் படைப்பிரிவின் குறியும் காணப்படுவதால், அது எந்த அணியினரின் இடுப்பில் இருந்தது என்பதைக்கூட அறிய முடிகிறது.

இத்தகைய கருவியைப் பேணுதல் எளிய கைவேலையன்று. பழைய தோட்டாக்கள் பலவற்றின் தீப்பற்றும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்திருந்தது. அது வெடித்தபின் குழலில் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரு நாள்களில் எஃகை அரிக்கத் தொடங்குகிறது. எண்ணெயில் கரையாத அவ்வுப்பை நீரால்தான் கழுவ வேண்டும் என்பது, இரும்புக்கு நீர் பகை என்றே பழகிய புதியவருக்கு வியப்பளிக்கும். துப்பாக்கியை அதற்குரிய தோலுறையிலேயே வைத்திருப்பதும் கேடு, ஏனெனில் பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் ஈரமும் எஃகின் மீதுள்ள கருநீலப் பூச்சைத் தின்றுவிடும். தேய்ந்த பூச்சைப் புதுப்பித்தாலோ வரலாற்று மதிப்பும் சந்தை மதிப்பும் ஒருங்கே வீழ்கின்றன. இவற்றினும் இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு: லூகரின் சுடும் நெம்பு குழற்பகுதியின் இடப்பக்கத்தில் வெளித்தெரியுமாறு அமைந்திருப்பதால், குழலறையில் தோட்டா ஒன்று இருக்குமானால், பிடியிலிருந்து கழற்றப்பட்ட மேற்பாதி தனியாகவே சுடக்கூடும். கழற்றும் முன் கூட்டை அகற்றி அறையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி இதனால்தான் இத்துணைக் கண்டிப்புடன் கற்பிக்கப்படுகிறது.

தொன்மை கருவியைத் தூய்மைப்படுத்துகிறது என்னும் எண்ணத்துக்குச் சட்டமே ஓரளவு இடமளிக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், செய்யப்பட்டு 50 ஆண்டுகள் கடந்த துப்பாக்கியை அருங்கலை அல்லது நினைவுப்பொருள் என்ற தனிவகையில் அடக்கித் திரட்டுவோருக்கெனத் தனி உரிமமும் வழங்குகின்றன. 1898ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டவற்றை அவை பொதுவாகத் துப்பாக்கி என்றே கருதுவதில்லை. ஆயினும் ஐம்பதாவது ஆண்டு நிறைவதால் எஃகில் எம்மாற்றமும் நிகழ்வதில்லை என்பதால், மாறியது எது என்று கேட்டாக வேண்டும்.

மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' என்னும் நூலில், அருங்காட்சியகப் பொருள்களைப் பற்றி ஏறத்தாழ இதே கேள்வியை எழுப்புகிறார். பழம்பொருள் இன்றும் கண்முன் இருக்கையில் அதில் இறந்தகாலத்ததாகியது எது என்று வினவும் அவர், அப்பொருள் கருவியாகப் புழங்கிய உலகமே கடந்துபோனது என்று விடை காண்கிறார். உடைந்த மட்பாண்டத்துக்கும் தறிக்கும் இது நன்கு பொருந்துகிறது. துப்பாக்கிக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது, ஏனெனில் கைசர் இரண்டாம் வில்லியமின் பேரரசு மறைந்தாலும், அப்பேரரசின் துப்பாக்கிக்குரிய 9 மி.மீ. தோட்டா இன்றும் உலகில் பெருவழக்காகச் செய்யப்படுகிறது. உலகம் போயிற்று, ஆற்றல் போகவில்லை. அதைப் போகவிடாமல் காப்பதற்கே பேணுதல் என்று பெயர்.

அழகை முன்னிறுத்தும் வாதமும் பழமையானதே. ஓய்வுநாளில் பொருள்களைச் சுமந்து பொதுவெளியில் செல்லலாகாது என்பது யூத நெறி. அணிந்திருப்பது அணிகலன் என்றால் விலக்குண்டு. வாளும் வில்லும் அணிகலனாகுமா என்ற விவாதம் மிஷ்னா என்னும் பழஞ்சட்டத் தொகுப்பின் 'ஷப்பாத்' பகுதியில் வருகிறது. அவை ஆடவனுக்கு அணி என்கிறார் ரப்பி எலியேசர். வாள்கள் கொழுக்களாக அடிக்கப்படும் நாளைப் பற்றிய ஏசாயாவின் வாக்கைச் சான்றாக்கி, அவை இழிவே என்கின்றனர் ஏனைய அறிஞர்கள். லூகரின் சாய்ந்த பிடியையும், பழைய துப்பாக்கிகளின் சிற்றுறுப்புகளில் வெப்பத்தால் ஏற்றப்பட்ட வைக்கோல் மஞ்சள் நிறத்தையும் வியப்பவர் எலியேசரின் பக்கம் நிற்கிறார். அவ்வியப்பு பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அழகு கொலைத்தொழிலின் செம்மையிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை ஏனையோர் கண்டிருந்தனர்.

எனினும் பேணுதல் என்ற செயலையே நேருக்குநேர் ஆராய்ந்தவர்கள் சமணர்களே எனலாம். பௌத்தம் ஆயுத வாணிபத்தை இல்லறத்தாருக்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிபங்களுள் ஒன்றாக்கி அமைந்துவிடுகிறது. சமண ஆகமமாகிய பகவதி சூத்திரமோ வினைச்செயல்களை ஐந்தாகப் பகுக்கிறது. உடலால் நிகழ்வது காயிகீ, கருவியால் நிகழ்வது ஆதிகரணிகீ, பகையால் நிகழ்வது பிராத்வேஷிகீ, துன்புறுத்தலால் நிகழ்வது பாரிதாபனிகீ, உயிர்க்கொலையால் நிகழ்வது பிராணாதிபாதிகீ. பகைக்கும் துன்பத்துக்கும் கொலைக்கும் முன்னரே கருவி தனியொரு வினையாக எண்ணப்படுவது கவனிக்கத் தக்கது. அதிகரண வினை எனப்படும் இக்கருவிவினை மேலும் இரண்டாகிறது: புதிதாகக் கருவியை ஆக்குதல் நிர்வர்த்தனம், முன்னரே உள்ள உறுப்புகளை ஒன்றோடொன்று பூட்டுதல் சம்யோஜனம். பழந்துப்பாக்கியை மேசைமேல் பிரித்துப்போட்டுத் துடைத்துச் சுருள்வில்லையும் ஊசியையும் மீண்டும் பொருத்தி, பூட்டு மடிந்து நிமிர்வதைக் கேட்டு மனநிறைவு கொள்பவர் செய்வது, இப்பகுப்பின்படி ஐயமின்றிச் சம்யோஜனம். யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை என்று அவர் கூறலாம்; பிற வினைகள் தம்மைச் சேரவில்லை என்பதற்கே அது விடையாகும்.

இவ்விடத்தில் சமணம் அளவுக்கு மீறிக் கடுமையானது என்று தோன்றக்கூடும். ஆனால் இல்லறத்தார் உயிரும் உடைமையும் காக்கப் பகைவரை எதிர்க்கையில் நேரும் வன்முறையை, விரோதி இம்சை என வகுத்து ஓரளவு பொறுத்துக்கொள்ளும் நெறி அது. பழந்துப்பாக்கிக்கு அந்த விலக்கும் கிட்டுவதில்லை, ஏனெனில் நூறாண்டுக் காலச் சுருள்வில்லை நம்பி எவரும் தம் வீட்டைக் காப்பதில்லை. தற்காப்புக்கும் அன்று, தொழிலுக்கும் அன்று, வெறுமனே வைத்திருப்பதற்கே என்னும் சமாதானம், சமணப் பார்வையில் கருவியை அநர்த்ததண்டம், அதாவது பயனின்றித் தீங்குக்கு வழிகோலல் என்ற குற்றத்தின் எல்லைக்கே தள்ளிவிடுகிறது. குற்றமின்மைக்குச் சான்றாகத் திரட்டுபவர் காட்டுவதே இங்கு குற்றச்சாட்டாகிவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லா உறுப்புகளிலும் ஒரே எண் கொண்ட லூகரை உடையவர்கள் பலர் அதைச் சுடுவதேயில்லை. எண் பொறித்த ஊசியோ பூட்டின் இணைப்போ முறிந்தால் ஈடு கிடையாது, விலையும் பெருமளவு சரிந்துவிடும். சுட விரும்புவோர் மூல உறுப்புகளைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய படியுறுப்புகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். இவ்வாறு சந்தையே துப்பாக்கியை மௌனமாக்கிவிடுகிறது. ஆனால் உடைமை தேய்ந்துவிடுமோ என்ற அச்சத்தால் சுடாதிருத்தல் கொல்லாமை ஆகாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு தடுக்க முயலும் பற்று, அதாவது பரிக்கிரகம், அங்கே இம்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டில் எது பெருந்தீங்கு என்பதில் ஐயம் இருக்க முடியாது, எனவே இந்த இடமாற்றத்தை இகழ வேண்டியதில்லை. அதை அறம் என்று அழைக்காமலிருந்தால் போதும்.

துப்பாக்கியை அறுத்தோ உருக்கி ஒட்டியோ செயலிழக்கச் செய்துவிடலாமே என்பது எளிய தீர்வு. அதனால் எஃகில் பதிந்துள்ள வரலாற்றுச் சான்றும் அழிகிறது. படைப்பிரிவின் குறி, ஆண்டு முத்திரை, கையால் அராவிய தடம் ஆகியவை ஒரு காலத்தின் தொழில்திறனுக்கும் அதன் கொடுமைக்கும் ஒருசேரச் சாட்சி சொல்பவை. ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996இல் பள்ளிக் குழந்தைகள் 16 பேரும் ஆசிரியர் ஒருவரும் கைத்துப்பாக்கிகளால் கொல்லப்பட்டதை அடுத்துப் பிரித்தானியாவில் 1997இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இச்சிக்கலை நுட்பமாகக் கையாண்டது. 1919ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டு, உரிய தோட்டா எளிதில் கிடைக்காத கைத்துப்பாக்கியைத் தோட்டாவின்றி வீட்டில் வைத்திருக்க அது இசைகிறது. தோட்டா எளிதில் கிடைக்குமானால், அரிய பொருளாயினும் குறிப்பிட்ட காப்பிடத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. லூகரின் 9 மி.மீ. வடிவம் இரண்டாம் வகையையே சாரும். அகவையை மட்டும் அளக்காமல் துப்பாக்கியும் தோட்டாவும் கூடும் வாய்ப்பையும் அளக்கும் இச்சட்டம், சமணத்தை அறியாமலே சம்யோஜனத்தைத் தடுக்கிறது. ஊசியைக் கழற்றித் தனியிடத்தில் பூட்டி, தோட்டாவை வீட்டுக்குள் விடாமல், மேனியை மட்டும் துருவினின்று காப்பவர் சான்றைக் காத்து ஆற்றலைப் பிரித்து வைக்கிறார். உடைமையாளர் ஒருவர் செய்யக்கூடியவற்றுள் குற்றம் குறைந்தது இதுவே என்று கருத இடமுண்டு.

இவ்வளவு செய்தும் கைம்மாற்றம் என்ற சிக்கல் எஞ்சுகிறது. சமண ஆசிரியர் சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம், கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, சங்கிலி முதலிய தீங்கின் கருவிகளைப் பிறருக்குக் கொடுத்தலை இம்சாதானம் என்று பெயரிட்டு விலக்குகிறது. தமிழ்ச் சமணரின் அருங்கலச்செப்பு அந்நூலின் வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்க வீரர்கள் மேலதிகாரியின் கையொப்பமிட்ட சான்றுத்தாளுடன் வீட்டுக்குக் கொண்டுவந்த லூகர்களுள் பல, அவ்வீரர்களின் மறைவுக்குப் பின் வாரிசுகளுக்கும் ஏலத்துக்கும் சென்று, முதன்முதலாக வாங்குபவரை வந்தடைகின்றன. விற்றவர் தம் தொடர்பு அத்துடன் அற்றதென்று நினைப்பது இயல்பு. பகவதி சூத்திரமோ, எய்யப்பட்ட அம்பால் ஓருயிர் மடியும்போது எய்தவனை மட்டுமன்றி, எந்த உயிர்களின் பழைய உடல்களால் வில்லும் நாணும் ஆக்கப்பட்டனவோ அவ்வுயிர்களையும் முன்சொன்ன வினைகள் தீண்டும் என்கிறது. அவை தாம் விட்டு நீங்கிய உடலின் மீதான உரிமையை ஒருபோதும் மனமறிந்து துறக்கவில்லை என்பதே இதற்கு உரைமரபு காட்டும் காரணம். அந்நெறியில் விற்பனைச் சீட்டும் உயிலும் துறவாகக் கணக்கிடப்படுவதில்லை.