பாழ்பட்ட மடமும் சந்தானக் கடமையும்

சைவ மடங்களுட் பழமையான பல இன்று பாழ்பட்டுக் கிடக்கின்றன. சந்தானம் அற்றுப்போன மடத்தின் கற்களைப் பேணுதல் சிவபுண்ணியமாமோ, உயிர் நீங்கிய உடலைப் போற்றும் மயக்கமாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

மத்தியப் பிரதேசத்துச் சீதி மாவட்டத்தில், சோணையாற்றுக்கு அணித்தாய்ச் சந்திரேஹ் என்னும் ஊர் உளது. அங்கு மத்தமயூர சந்தானத்துப் பிரசாந்தசிவர் சிவாலயம் எடுப்பித்தார். அவர் மாணாக்கராகிய பிரபோதசிவர் அதன் அருகே கல்லால் மடம் சமைத்தார். கலசூரி ஆண்டு 724, அஃதாவது கி.பி. 973 அளவிற் பொறித்த சாசனம் இதனை உணர்த்தும். தம் ஆசிரியர் அகழ்ந்த கிணறு காலத்தாற் சிதைந்தமை கண்டு, பிரபோதசிவர் அதனைக் கற்கொண்டு புதுக்கினார் என்பதும் அதிற் காணப்படும். இன்று அம்மடத்தில் ஆசிரியரும் இலர், மாணாக்கரும் இலர். எஞ்சிய கட்டடத்தைத் தொல்பொருள் துறையினர் காத்து வருகின்றனர்.

உடலை உயிரென மயங்கலாகாது என்பது நம் சித்தாந்தமன்றோ? அங்ஙனமாயின், உயிர்நிகர் சந்தானம் நீங்கியபின் உடல்நிகர் கட்டடத்தால் ஆவதென்னை எனின், கூறுதும்.

அதே டாஹல நாட்டிற் தோன்றிய கோளகி மடத்தின் சந்தானம் தெற்கே பரவிற்று. சோமசம்பு பத்ததி இயற்றிய சோமசம்பு சிவாசாரியார் அச்சந்தானத்தவர். ஆந்திர நாட்டில் கிருஷ்ணையின் தென்கரைக்கண் உள்ள மல்காபுரத்துச் சாசனம், கி.பி. 1261-இற் பொறிக்கப்பட்டது. காகதீய கணபதிதேவரின் தீக்ஷா குருவாகிய விசுவேசுவர சிவாசாரியார்க்கு ருத்திரமாதேவி ஊர்கள் அளித்தமையையும், அவற்றின் வருவாயால் மடம், கல்விச்சாலை, மருத்துவச்சாலை, மகப்பேற்றுச்சாலை ஆகியன நடந்தமையையும் அது விரிக்கும். அந்தணர் முதற் சண்டாளர் ஈறாக யாவர்க்கும் தடையின்றிச் சோறிடுக என்பதும் அதன் விதி. இக்கல் அழிந்திருப்பின், சைவ மடமொன்று இவ்வாறு அறம் செய்தது என்பதை இன்று யாம் கூறினும் நம்புவார் யார்? ஆதலின் அத்தகைய கல் வெற்றுடலன்று. மறைந்த ஆசிரியர் விட்டுச்சென்ற வாக்கு. ஆசிரியன் மறையினும் அவன் வாக்குப் பிரமாணமாதல் ஒழியாது.

எனினும், வாக்கைக் காப்போர் அதன்வழி ஒழுகாராயின் காத்தலாற் பயன் சிறிதே. பிரபோதசிவர் கிணற்றைப் புதுக்கியது காட்சிக்கன்று, நீர் முகத்தற்கே. ஆகலின் கடமை இரண்டாகும். வழிபாடு நிகழும் இடங்களிற் சீர்ணோத்தாரணம் செய்க. ஆயின் திருப்பணி என்னும் பெயரால் எழுத்துடைக் கற்களைச் சுண்ணத்தால் மறைத்தலும் இடம்மாற்றிப் பதித்தலும் ஒழிக. சந்தானம் அற்ற இடங்களிற் புதியன புனையாது, நின்றவை நின்றவாறே காக்க. அங்கு நின்றுபோன அறத்தை இன்று வாழும் மடங்கள் தம்மிடத்தே நடத்துக.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணிகைச் சூழலில் வாழ்வார்க்கு இஃது அயலார் வரலாறன்று. ஒரு சந்தானம் இருமொழி நாட்டிற்கும் ஈந்த கடனாகும். அக்கடன் கற்களைக் காத்தலால் ஒருபாதி தீரும். பசித்தார்க்கும் கற்பார்க்கும் நோயுற்றார்க்கும் மடத்தின் வாயில் திறந்திருத்தலால் மறுபாதி தீரும்.