விலக்கப்பட்டதும் மருந்தும்: செயற்கை இதய வால்வு எழுப்பும் ஒரு வினா

பழுதடைந்த இதய வால்வுக்கு மாற்றாகப் பொருத்தப்படுபவை இருவகைப்படும்: பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ பதப்படுத்திச் செய்யும் திசு வால்வு ஒன்று, கார்பன், உலோகம் முதலியவற்றால் ஆன இயந்திர வால்வு மற்றொன்று. பன்றியை விலக்கும் இஸ்லாமியர் ஒருவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டால் சிக்கல் தீர்ந்ததாகவே தோன்றும். ஆனால் இயந்திர வால்வில் இரத்தம் எளிதில் உறையும் என்பதால் அவர் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அது போதாமல் இரத்தக் கட்டி வளர்ந்து வால்வின் இதழ்களை அசையவிடாமல் செய்தால், அப்போது தரப்படும் ஹெப்பாரின் என்னும் உறைவெதிர் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. கட்டியை ஆல்டெப்ளேஸ் போன்ற மருந்தால் கரைத்தாலும், நெஞ்சைத் திறந்து அகற்றினாலும், ஹெப்பாரின் உடன்வருவதே வழக்கம்.

அந்த மருந்தை அவர் ஏற்கலாமா என்னும் வினாவுக்கு இஸ்லாமியச் சட்டவியல் இரு வழிகளில் விடை தேடுகிறது. ஒரு பொருளின் இயல்பே மாறிவிட்டால் அதன் விதியும் மாறும் என்னும் 'இஸ்திஹாலா' கோட்பாடு, மது காடியாவதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஹனஃபி மரபு இதை விரிவாக ஏற்க, காயல்பட்டினம் போன்ற தமிழகக் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மரபு மிகக் குறுக்கியே ஏற்கிறது. ஹெப்பாரினைப் பொறுத்தவரை இவ்வழி வலுவற்றது என்றே சொல்லவேண்டும். ஏனெனில் பன்றியின் திசுவில் இருந்த சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறே தூய்மையாக்கப்பட்டுக் குப்பிக்குள் வருகிறது. உமி நீங்கியதால் அரிசி வேறொரு தானியமாகிவிடுவதில்லை.

'ளரூரா' எனப்படும் நிர்ப்பந்த நிலையே நேர்மையான வழி. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 173ஆம் வசனத்தை அடியொற்றிய இக்கோட்பாடு விலக்கை விலக்காகவே வைத்துக்கொண்டு, வேறு வழியற்றவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. எனினும் 'வேறு வழி' என்பது எது? பிவாலிருடின் போன்ற செயற்கை மருந்துகள் உண்டு. ஆனால் ஹெப்பாரினின் செயலைப் புரோட்டமின் கொடுத்து உடனே முறிக்க இயல்வதுபோல் பிவாலிருடினை முறிக்க மருந்தில்லை. ஆபத்து மிகுந்த மாற்றையும் மாற்றாகவே கணக்கிடுவதா என்னும் இடத்தில் சட்ட அறிஞர் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவராகிறார்; மருத்துவரோ, எவ்வளவு ஆபத்தை ஏற்பது என்பதை நோயாளியிடமே கேட்க வேண்டியவர். மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்படும் நாளில் அந்த உரையாடலுக்கு நேரமிராது. வால்வைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதனோடு வரக்கூடிய மருந்தின் பிறப்பிடமும் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.